பலகை கம்பெனியிடம் இருக்கட்டும்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். குறையாகச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்குத் தப்பைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. ஏட்டையாவை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் எங்கேயும் ஓடப் போவதில்லை.

கிளியனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு எடுத்தேன். வியாபாரம் செய்ய வந்த ஆங்கிலக் கம்பெனி இந்த நாட்டை ஆண்ட கதை என் செல்லப் பாடம். பிளாசியில் கம்பெனி ஏன் ஜெயித்தது என்று ஒவ்வொரு பரீட்சையிலும் கேட்பேன். பீரங்கி இருந்தது, ஜெயித்தது என்று எழுதுவார்கள். மண்டூகங்கள். நவாபின் சேனாதிபதி மீர் ஜாபர் பெரும்படையோடு நின்று வேடிக்கை பார்த்தான், அதனால் ஜெயித்தது. அப்புறம் இதோ, பஸ் ஏறினால் போய்விடலாம், வந்தவாசியில் பிரெஞ்சுக்காரனைத் தோற்கடித்தார்கள். பக்சாரில் இன்னொரு வெற்றி. அதற்கு மறு வருஷமே வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையை டில்லி பாதுஷா எழுதிக் கொடுத்தார். சண்டை ஒரு பகல் வேலை. முடிந்ததும் எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் ஆட்சி இருக்கிறது. இதை ஒரு பயல்கூட ஒழுங்காக எழுதியதில்லை.

சலித்துப்போய், உப்பு வாங்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மரக்காணத்தில் அதிகாரியாகச் சேர்ந்தேன். வாங்குவோம், மூட்டை கட்டுவோம், லாரியில் ஏற்றுவோம். உப்பளம் ஊர்க்காரர்களுடையது. எல்லாப் பாத்திக்கும் கழுவெளி உப்பங்கழியிலிருந்து ஒரே வாய்க்கால், ஒரே மடை. அந்த மடையை அடைக்கும் பலகை ஒரு ஆள் வீட்டில் இருக்கும். விடிந்ததும் அவன் வந்து பலகையைத் தூக்கி, இன்றைக்கு யாருக்குத் தண்ணீர் என்று முறை சொல்வான். அவன் சொன்னால் சொன்னதுதான். வேறு யாரும் பலகையைத் தொட மாட்டார்கள்.

அப்போது பலகை தென்பாத்திச் சடையப்பனிடம் இருந்தது. நேர்மையான ஆள். அதுதான் தொல்லை. யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தான். "லாரி எவனுதா இருந்தா என்னாங்க, உப்பு நம்முளுது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னான்.

சுனாமி வந்து வாய்க்காலில் சேற்றை அடைத்துவிட்டுப் போனது. இரண்டாயிரத்து ஐந்தில் தண்ணீர் பாதிகூட வரவில்லை. சடையப்பன் தன் பக்கத்துக்கே முறை போடுகிறான் என்று வடபாத்திக்குப் பெரிய ஆளான குழந்தைசாமியின் காதில் போட்டு வைத்தேன். பொய்தான். ஒரே வாரத்தில் அவனே என் ஆபீசுக்கு வந்தான். "சார், உங்க லோடுமேனுங்க பத்து பேர அனுப்புங்க. பலகைய புடுங்கிட்டா போதும்." நான் முப்பது பேரை அனுப்பினேன்.

அதற்கு முன்பே சடையப்பனின் தம்பி தமிழரசனைக் கூப்பிட்டுப் பேசியிருந்தேன். தென்பாத்தி ஆட்களில் பாதிப்பேர் அவன் பேச்சைக் கேட்பவர்கள். அடிதடி நடக்கும்போது அவர்களோடு கரையில் சும்மா நின்றால் போதும், நாளைக்குப் பலகை உனக்கு என்றேன். தலையைச் சொறிந்தான். "அண்ணன ஒண்ணும் பண்ண மாட்டீங்களே சார்?" என்று மட்டும் கேட்டான். மாட்டோம் என்றேன்.

சித்திரை மாதம், காலை ஏழு மணி. தமிழரசன் சொன்னபடி நின்றான். அரை மணி நேரத்தில் முடிந்தது. சடையப்பன் தலை பிளந்து பாத்தியில் கிடந்தான், காயத்தில் உப்புத் தண்ணீர். தமிழரசன் என் ஜீப்புக்கு ஓடி வந்தான்.

"சார், அண்ணனுக்கு மூச்சு இருக்குது சார். வண்டிய குடுங்க, பாண்டிக்கு தூக்கினு போயிடுறேன்."

"கொண்டு போ. அவன் பிழைத்து வந்தால் பலகை மறுபடி அவன் வீட்டுக்குத்தான் போகும். யோசித்துச் சொல்" என்றேன். சாவியை அவன் கண் முன்னால்தான் வைத்திருந்தேன். அவன் எடுக்கவில்லை. திரும்பிப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பதினோரு மணி வரைக்கும் உயிர் இருந்தது. நானும் அதுவரை ஜீப்பிலேயே இருந்தேன்.

பலகையை வடபாத்தியிடம் கொடுக்கத் தென்பாத்தி சம்மதிக்கவில்லை. தமிழரசனிடம் கொடுக்க வடபாத்தி சம்மதிக்கவில்லை. கடைசியில் அவர்களாகவே, "சீசன் முடியிற வரைக்கும் கம்பெனிகிட்டயே இருக்கட்டும் சார்" என்றார்கள். வேண்டாம் என்று இரண்டு தரம் மறுத்துவிட்டு வாங்கினேன். அன்றிலிருந்து நான் முறை சொன்னேன். எங்களுக்கு விற்றவன் பாத்தியில் தண்ணீர் நின்றது. மற்றவன் பாத்தியில் சேறு வெடித்தது. சடையப்பன் பெண்சாதி அம்சவல்லி நாலு மாதம் தினமும் மடையில் வந்து நின்றாள். ஒரு சொட்டு விடவில்லை. இப்போது அனுமந்தையில் கூலி வேலை செய்கிறாளாம். சீசன் முடிந்தது. பலகையைத் திருப்பிக் கேட்க அப்போது ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த சீசனுக்கும் நானே முறை சொன்னேன்.

குழந்தைசாமியைக் கொலைக் கேசில் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் அடிக்கவில்லை. தலையில் போடு என்று என் லோடுமேனிடம் சொன்னவன் நான். பெயரும் தருகிறேன். போன வாரம் தமிழரசன் வந்து, சொன்னபடி பலகையைக் கொடு என்று கேட்டான். சிரித்துவிட்டேன். அவன் நேரே உங்களிடம் வந்துவிட்டான். காட்டிக் கொடுத்தவனை எந்தக் கம்பெனி கடைசி வரை வைத்துக்கொள்ளும்? வேலை முடிந்ததும் தூக்கி எறிவார்கள். அந்தப் பாடத்தை அவன் படித்ததில்லை.

சென்னையிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினீர்கள். இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இன்று காலை வேறு ஒருவர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து முறை சொன்னார் என்றும் சொல்கிறீர்கள். அதெல்லாம் வெளியே காட்டுவதற்காக, இன்ஸ்பெக்டர். பெரிய நிர்வாகத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சடையப்பனைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? மேலே 'கம்பெனிக்காக' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், போடுகிறேன்.