நான்காவது வரி

இரவு பதினொன்றரை இருக்கும். ஆந்திர எல்லையில் வி.கோட்டா தாண்டி ராமகுப்பம் போகிற ரோட்டில் ஒரு விளக்குகூடக் கிடையாது...

நம்ம சிநேகிதன் எர்னஸ்டுடைய அக்கா மேரியைக் கட்டியவர் டைட்டஸ். சித்தூர்க்காரர். ஊரே வேலைக்கு பெங்களூர் போன காலத்தில் அவரும் போய், வைஃபை போடுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தார். அன்று அந்த ரோட்டோரப் புது ஹாஸ்டலில் தனியாக வேலை. மூன்று மாடி. விடிந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கேட்டில் வாட்ச்மேன் கங்கையா மட்டும்.

மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி. அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே சேனலில் பேசினால் ஒன்றையொன்று அமுக்கிவிடும். அதனால் கீழே ஒன்றாம் சேனல், நடுவில் ஆறு, மேலே பதினொன்று என்று பிரித்துக் கொடுத்தார். சரிபார்க்க லேப்டாப்பில் சிக்னல் பட்டியலைத் திறந்தார்.

மூன்று பெட்டிக்கு நான்கு வரி.

நான்காவதற்குப் பெயர் இல்லை. ஆறாம் சேனல். சிக்னல் மூன்று கோடு. நடுமாடிப் பெட்டியை ஒன்பதுக்கு மாற்றினார்... அதுவும் ஒன்பதுக்கு வந்தது. மூன்றுக்கு மாற்றினார். அதுவும் மூன்று.

யாரோ விளையாடுகிறார்கள் என்று லேப்டாப்பை ஏந்திக்கொண்டு தேடினார். பெட்டியை விட்டுத் தள்ளிப் போனால் கோடு குறைய வேண்டும். மொட்டைமாடிக்கு ஏறினார். குறையவில்லை. தரைக்கு இறங்கினார். குறையவில்லை... அது கூடவே நடந்துகொண்டிருந்தது.

சட்டென்று நின்றார்.

கோடு நான்கானது.

முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி சொட்டுகிற சத்தம். சொட்... சொட்... வெந்த பட்டுக்கூட்டின் நாற்றம். திரும்பிப் பார்க்கவில்லை அவர். மெயின் சுவிட்சை இறக்கினார். மூன்று வரிகளும் போயின. நான்காவது போகவில்லை.

கேட் வரைக்கும் ஒரே ஓட்டம். இங்கே முன்னால் என்ன இருந்தது என்று கங்கையாவைக் கேட்டார்.

“பட்டுக்கூடு வேக வெக்கிற கொட்டாய், சார்,” என்றார் கங்கையா. குரலைத் தணித்து, “அதப் பத்தி இப்ப பேச வேணாம். கேட்டுகினு இருக்கும்.”

பெங்களூர் திரும்பியபின் லேப்டாப்பைத் தொடவே பயம். நாலு நாள் கழித்து வீட்டில் திறந்தார். அக்கம்பக்கத்துப் பெயர்களுக்கு எல்லாம் கீழே, பெயரில்லாமல் ஒரு வரி. ஒரே கோடு... விட்டுவிட்டு வந்தது.

“பக்கத்து வூட்டுதா இருக்கும், மூடி வெச்சிட்டு துன்ன வா,” என்றார் மேரி.

அடுத்த வாரம் அது இரண்டு கோடானது. வேலையை விட்டுவிட்டு, மேரியை அழைத்துக்கொண்டு திருப்பதிக்குக் குடிபோனார். அங்கே அந்த வரி இல்லை. நிம்மதியாகத் தூங்கினார். பிறகு ஒருநாள்... ஒரு கோடு.

போன ஞாயிறு எர்னஸ்ட் பார்க்கப் போயிருந்தான். ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடந்ததாம். டைட்டஸ் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாராம். மூன்று கோடு. இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது கோடும் ஏறியது.

அப்போது சமையல்கட்டிலிருந்து மேரி சொன்னாராம்...

“வாசல்ல யாரோ நின்னுகினு இருக்காங்க. எழுந்து கதவத் தெற.”