யாவோ மன்னரின் மருமகன்

தொண்ணூறுகளின் நடுவில், பனி கொட்டிய ஒரு பிற்பகலில், நகரின் ஓரத்திலிருந்த அஜின்கோர்ட் பகுதிக்குச் செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். மூத்தவர் மடியில் பலசரக்குக் கடையைப் பூட்டும் திறப்புக் கொத்து கிடந்தது. இளையவர் அவருடைய மனைவியின் தம்பி என்பது பேச்சிலேயே விளங்கிற்று.

“சீனரின்ர ஆதி அரசர் யாவோ, நாட்டை மகனுக்குக் குடுக்கேல்லை, தம்பி. மருமோன் சுன்னுக்குத்தான் குடுத்தவர். பக்கத்துக் கடைச் சீனர் சொன்னவர்.”

“அதைக் கேட்டிட்டோ அப்பா கடையை உங்களுக்கு எழுதினவர், அத்தான்?”

“தகுதி பாத்து எழுதினவர்.”

“நானும் லைப்ரரியில வாசிச்சனான். யாவோவும் சுன்னும் அரசரே இல்லையாம். பழைய தெய்வங்களைப் பிறகு மனிசராக்கினதெண்டு சில ஆராய்ச்சியாளர் சொல்லினம்.”

“அப்ப உந்தக் கதையை விடுமன்.”

“இன்னொரு கதையும் இருக்கு. யாவோ குடுக்கேல்லையாம். சுன்தான் அந்தக் கிழவரை அடைச்சு வைச்சு, மகனையும் பாக்க விடாமல் பறிச்சவனாம்.”

மூத்தவர் திறப்புக் கொத்தை இறுகப் பற்றினார்.

“மூண்டு மாசமா எப்ப ரெலிபோன் எடுத்தாலும், அப்பா நித்திரை எண்டுதானே சொல்லுறியள்?”

“அவருக்குச் சுகமில்லை.”

“அதுதான் இண்டைக்கு உங்களோட வீட்டுக்கு வாறன். குடுத்தனான் எண்டு அப்பா தன்ர வாயால சொல்லட்டும். நான் பேசாமல் திரும்பிப் போறன்.”

இளையவர் மணிக்கயிற்றை இழுத்துவிட்டு எழுந்து நின்றார்.

“உங்கட ஸ்ரொப் வந்திட்டுது, அத்தான். எழும்புங்கோ.”

பேருந்து நின்றது. மூத்தவர் இருக்கையை விட்டு எழவில்லை. கதவு திறந்து, எவரும் இறங்காமலே மூடிக்கொண்டது.