கழுத்தோரத்துக் கறுப்புத் தையல்

– பிரிச்சிட்டீங்களோ? அம்மா, அந்தச் சட்டையிலயோ கை வைச்சனீங்கள்?

– கத்தாதை துஷ்யா. முழுக்கப் பிரிக்கேல்லை. கழுத்தோரத்தில ஒரேயொரு பூ. சிவப்புப் பூ வரிசைக்கு நடுவில அது மட்டும் கறுப்பாய் இருந்தது. பிள்ளை நூல் மாறிக் குத்திப்போட்டுது எண்டு நினைச்சு, பிரிச்சுச் சிவப்பால குத்தி விட்டன். பார், வித்தியாசம் தெரியுதோ?

– தெரியேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு. பல்கேரியாவில கலியாணம் கட்டப்போற பொம்பிளை, மாப்பிளையின்ர தாய்க்கு எண்டு தன்ர கையால பூவேலை செய்து குடுக்கிற சட்டையம்மா அது. அண்ணா கட்டப்போற தெசி எவ்வளவு நாளாய் இருந்து தைச்சு அனுப்பினவள்!

– நோர்வேக்கு வந்து, இந்தப் புருசெத்தில பாதிப் பேருக்குச் சட்டை தைக்கிற கை இது. பிழையைக் கண்டால் சும்மா கிடக்காது. அதோட, கலியாணச் சட்டையில கறுப்பு என்னத்துக்கு?

– அப்பிடியில்லையம்மா, அவையளின்ர தையல் வடிவுக்கு மட்டுமில்லை. பொறுங்கோ, போனில பாக்கிறன். பூவேலை ஏன் கழுத்திலயும் கைமுனையிலயும் கீழ்க்கரையிலயும் மட்டும் வருது, சொல்லுங்கோ பாப்பம்.

– அந்த இடந்தானே கெதியாத் தேயிறது.

– இல்லை. சட்டையில திறந்து கிடக்கிற இடம் அதுகள்தான். கெட்டது அதாலதான் உடம்புக்குள்ள பூருமாம். அதுக்குத்தான் காவல்.

– என்ர மாதாவே! நாங்கள் கதவுக்கு மேல சிலுவை கொழுவுற மாதிரி. மே பதினேழுக்கு நோர்வேக்காரர் போடுற புனாட் உடுப்பிலயும் இப்பிடி இருக்குதோ? சரி, அது கிடக்கட்டும். சிவப்பு?

– உயிர். இந்த எட்டு முனை நட்சத்திரம் ஆணும் பொம்பிளையும் சேருறதாம். இன்னொருத்தர் வேற மாதிரி எழுதியிருக்கிறார்.

– இது நட்சத்திரமோ? நான் பூவெண்டெல்லோ நினைச்சன்! கைமுனையில மரம் ஒண்டு நிக்குது, அது?

– வேர் செத்துப்போன ஆக்கள். தண்டு நாங்கள். கொப்பு இனிப் பிறக்கப்போறதுகள்.

– அப்ப இந்தக் கொப்பெல்லாம் என்ர பேரப்பிள்ளையள்! நல்லாத்தான் நிறையத் தைச்சிருக்கிறாள். கறுப்பு என்னவாம்? அதைப் பாரன்.

– மண். விளையிற மண்.

– ஐயோ! பிள்ளையின்ர மண்ணையெல்லோ பிடுங்கி எறிஞ்சிட்டன்.

– வேணுமெண்டே ஒரு பிழை விட்டுத் தைக்கிற வழக்கமும் இருக்காம்.

– போதும், நிப்பாட்டு. வேற திருச்சபைக்காரி எங்கட வீட்டுக்குச் சரிவரமாட்டாள் எண்டு உன்ர அண்ணன் கிளின்ரன்ர முகத்துக்கு நேர சொன்னவள் நான். அதுக்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்லை. இண்டைக்குத்தான் ரெண்டு பேருமாய்ச் சாப்பிட வருகினம். தன்னை ஏற்க மனமில்லாமல்தான் மாமி பிரிச்சவ எண்டு அவள் நினைச்சால், அவன் இனி இந்தப் படி ஏறுவானோ? ஊசிப் பெட்டியை எடு.

– நேரமில்லை. ரெயினால இறங்கிட்டம் எண்டு அண்ணா எழுதியிருக்கிறார். சட்டையைப் போடுங்கோ, மேல ஒரு சால்வையைப் போட்டு மூடுங்கோ.

– மூடமாட்டன். வீட்டுக்குள்ள சால்வையோட நிண்டு சோறு போடுறதோ? அவளே பாக்கட்டும். பெல் அடிக்குது, போய்த் திற.

– வாங்கோ அண்ணா. வா தெசி. சப்பாத்தை அங்கை வை.

– வணக்கம், மாமி. சட்டை அளவு சரி! மாமி வடிவு. கிளின்ரன், நீ கதைக்காதை, நான் தமிழில சொல்லுவன். மாமி... என்ர கறுப்பு எங்கை?

– பிள்ளை, இஞ்சை வா. கையைத் தா. பிழையெண்டு நினைச்சு நான்தான் பிரிச்சுப்போட்டன். அது உங்கட ஊர் மண் எண்டு இப்பதான் அறிஞ்சனான். உன்னை வேண்டாமெண்டு செய்யேல்லை, சத்தியமாய். மாமியோட கோவிக்காதை அம்மா.

– மண்? இல்லை மாமி, அது எங்கட ஊர் இல்லை. கிளின்ரன் குழந்தைப் படம் பாத்தனான். கன்னத்தில நீங்கள் வைச்ச கறுப்புப் பொட்டு. மாமிக்குக் கண்ணூறு படக்கூடாதெண்டு வைச்சனான்.