ஓசையருக்கு ஒரு குறை வேணும்

– அதான் சொல்றேன் அன்வர், நம்ம கேம்ல இருக்கற மூணு இனத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. இரும்பர் என்ன? உடம்பே இரும்பு, எவ்வளவு அடிச்சாலும் தாங்கும். ஆனா தண்ணியில இறங்குனா மூழ்கிடும். சிறகர் பறக்கும். ஆனா எலும்பு குச்சி மாதிரி, ஒரு அடி விழுந்தா முறிஞ்சிடும். ஒண்ணு குடுத்தா ஒண்ணு எடுத்திருக்கேன். இப்ப ஓசையரைப் பாரு. குரலாலயே கதவைத் திறக்குது, விண்கலத்தை நிறுத்துது, வர்ற எதிரியை எல்லாம் பேசியே மடக்குது. அதுக்கு என்ன குறை வச்சிருக்கேன்?

– இருக்கே சித்தார்த். ஒல்லி உடம்பு.

– அடியே படாதவனுக்கு ஒல்லி உடம்பு ஒரு குறையா? அன்பரசு ஓசையர் எடுத்ததுலேர்ந்து இந்த மாடியில ஒரு சண்டை நடந்திருக்கா? போன வாரம் வந்த அரக்கனை நான் எவ்வளவு நாள் உக்காந்து யோசிச்சேன் தெரியுமா? ஏழு கிரகத்தைக் கொளுத்தினவன். மந்திர வாளோட வந்தவன். இவன் ரெண்டு நிமிஷம் பேசறான், அந்த அரக்கன் வாளைக் கீழ போட்டுட்டு அழுதுகிட்டே போறான்.

– நல்லாத்தானே இருந்துச்சு மச்சான்.

– உன் இரும்பர் கடைசியா எப்ப டைஸ் உருட்டுச்சு?

– ஞாபகம் இல்ல.

– அதான். பேலன்ஸே இல்ல. வெள்ளிக்கிழமை கடலூர் சிம்போசியத்துல எத்தனையோ காலேஜ் பசங்க நம்ம கேமை ஆடப்போறாங்க. ஒருநாள் பார்த்தாப் போதும், எல்லாரும் ஓசையரைத்தான் எடுப்பாங்க. அப்புறம் இரும்பர் எதுக்கு, சிறகர் எதுக்கு, மூணு வருஷமா நான் எதுக்கு இதை எழுதறேன்?

– நா... நான் ஒண்ணு சொ... சொல்லட்டா?

– சொல்லு அன்பு. உன் இனத்தைப் பத்தித்தானே பேசறோம்.

– கொ... கொற வேணும்னா, ஒரு நா... ஒரு நாளைக்கு...

– ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் குரலைப் பயன்படுத்தலாம்னு ரூல் வச்சிடலாம்ன்றான். அதானே அன்பு?

– ஆ... ஆமா.

– அன்வர், அவன் சொல்லவந்ததை அவனே முடிக்கட்டும்.

– கஷ்டப்படறான்ல. மூணு வருஷமா ஒரே பெஞ்ச், ஒரே ரூம். அவன் வாயைத் திறந்தாலே என்ன வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும்.

– சரி. அந்த யோசனை எனக்கும் வந்துச்சு, ஆனா பத்தாது. ஒரே தடவை பேசுனாக்கூட இவன் ஜெயிச்சிடறான். நான் வச்சிருக்குறது வேற. ஓசையருக்குக் குரல் இருக்கும், வார்த்தை இருக்காது. பாறையை உடைக்கலாம், பூட்டைத் திறக்கலாம். பேச முடியாது. கூட வர்ற வேற இனத்தான் ஒருத்தன்தான் அவனுக்காகப் பேசணும்.

– என்ன சித்தார்த் இது.

– லாஜிக்கா பாரு. எது ஜாஸ்தியா இருக்கோ அதைத்தானே குறைக்கணும்?

– வே... வேணாம்.

– ஏன் வேணாம் அன்பு? காரணம் சொல்லு.

– கா... கா...

– அவன் இந்த டேபிள்ல உக்காந்தாத்தான் திக்காம பேசறான் சித்தார்த். உனக்கே தெரியும். சொந்த ஊருக்கு டிக்கெட் கேக்க வராது அவனுக்கு. குமராட்சியில முதல் எழுத்தே வாயில நின்னுடும்னு, லால்பேட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கிட்டு நடுவுல இறங்குறவன் அவன்.

– அ... அன்வர், அதை வி... விடு.

– சொன்னாத்தான்டா இவனுக்குப் புரியும். மெஸ்ஸுல இன்னொரு தோசை வேணும்னா நான்தான் கேப்பேன். லேப்ல வைவான்னா நான்தான் முன்னாடியே போயி சார்கிட்ட இவன் நிலைமையைச் சொல்லிவைப்பேன். ஊர்லேர்ந்து இவங்க அப்பா போன் பண்ணா, சாப்டான், நல்லாருக்கான்னு நான்தான் சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவன் இங்க வந்து அந்த இருபது மூஞ்சி டைஸைக் கையில எடுத்தா ரேடியோ மாதிரி பேசறான். அதுல போயி கை வைக்கலாமா?

– எனக்கும் தெரியும். ஆனா ரூல்ல ஓசையர்னுதான் இருக்கு, அன்பரசுன்னு இல்ல. ஒரு ஆளுக்காக ரூலை வளைச்சா அது கேம் இல்ல, பிச்சை போடறது.

– நா... நான் அவனாப் பே... பேசட்டா?

– எவனா?

– மு... முழக்கனா.

– பேசு அன்பு. உன் ஓசையன் பேசட்டும், இவன் கேக்கட்டும்.

– இந்த உலகங்களைப் படைத்தவரே, கேளுங்கள். என் இனத்தைப் படைத்தபோது எங்களுக்கு நகம் தரவில்லை, சிறகு தரவில்லை, தோலைக்கூட மெல்லியதாகத்தான் தந்தீர்கள். சொல்லை மட்டும் தந்தீர்கள். அதைக்கொண்டு நான் ஒருவரையும் கொன்றதில்லை. உங்கள் அரக்கனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: வீட்டுக்குப் போ. அவனுக்கு வீடு ஒன்று இருப்பது அதுவரை உங்களுக்கே தெரியாது. என் பேச்சால் உங்கள் கதை சிறியதாகிவிட்டதா, பெரியதாகிவிட்டதா? அதை மட்டும் சொல்லுங்கள். பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

– மாஷா அல்லாஹ்.

– பாத்தியா அன்வர்? இதைத்தான் சொன்னேன். கேமை நடத்தறவன் நான், எனக்கே மனசு எளகுது. ஆடவர்றவன் எல்லாம் எந்த மூலைக்கு? நீயே சாட்சி குடுத்துட்ட அன்பு.

– அ... அது...

– இது மீட்டிங், கேம் இல்ல. இங்க முழக்கன் கிடையாது. அன்பரசாப் பேசு. ஒரே ஒரு காரணம் சொல்லு, வாய்விட்டு முழுசாச் சொல்லு, நான் மாத்தாம விட்டுடறேன்.

– எ... எனக்கு... தி... தி...

– கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– தி... திங்கக்கிழமை...

– விடு சித்தார்த். ஃபேன் வேற நின்னு போச்சு, புழுங்குது. கரண்ட் வந்ததும் பேசிக்கலாம்.

– கரண்ட் நாலு மணிக்குத்தான் வரும். நீ குறுக்க வராத, அவன் சொல்லட்டும். திங்கக்கிழமை என்ன அன்பு?

– கு... கு... கு...

– அந்த எழுத்து வராதுல்ல உனக்கு. லால்பேட்டைன்னு சொல்லேன், ஈஸியா இருக்கும்.

– சித்தார்த், போதும்.

– குரூப் டிஸ்கஷன். அதானே? சென்னை கம்பெனி. போன வருஷம் ரிசஷன்னு ஒருத்தனும் வரல, இந்த வருஷம் வர்றான். எனக்கும் இருக்கு, அன்வருக்கும் இருக்கு. அதுக்கும் ஓசையருக்கும் என்ன சம்பந்தம்?

– நா... நான் அங்க மு... முழக்கனாப் போவலாம்னு. டைஸை பா... பாக்கெட்டுல வச்சிக்கினு. இங்கிலீஷ்ல கூட பே... பேசிப் பாத்தேன், வ... வருது. எங்க ஊர் பக்கம் கொல்லிமேட்டுல போயி, கொள்ளிடக் கரையில, தனியா. வ... வந்துச்சு. இங்க வாயை மூ... மூடுனா, அங்கயும் மூ... மூடிக்கும். இ... இதான் காரணம்.

– நீ கரையில போயி பேசிப் பாத்தியா? எப்ப?

– ஊ... ஊருக்குப் போறப்பல்லாம்.

– என்கிட்ட ஏன் சொல்லல அன்பு?

– நீ சொ... சொல்ல விட்டாத்தானே.

– என்ன பேச்சுடா இது. நான் உன் வாயைப் பொத்தினேனா?

– சரி சரி. நான் கேட்டேன், அவன் முழுசாச் சொன்னான். ஒத்துக்கறேன். ஆனா நல்லா யோசிச்சுப் பாத்தா இது அன்பரசோட காரணம், ஓசையரோட காரணம் இல்ல.

– மா... மாத்தாம வி... விட்டுடறேன்னு சொன்னியே.

– சரியான காரணமா இருந்தா விடறேன்னுதான் அர்த்தம். உனக்கு நான் அநியாயம் பண்ணமாட்டேன், ஓட்டுப் போட்டுடலாம். நான் மாத்தணும்றேன். நீ வேணாம்ன்ற. அன்வர், நீ சொல்லு.

– என்னை ஏன்டா இழுக்கற?

– மூணு பேருதானே இருக்கோம். வேற யாரைக் கேக்கறது, கீழ எங்க அம்மாவையா?

– அ... அன்வர்.

– என்னை அப்டி பாக்காத அன்பு. கொஞ்சம் நிதானமா யோசி. இவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. நீ முழக்கனாப் பேச ஆரம்பிச்சா நான் சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கறேன். முன்னாடி அப்டியா? நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஆடுவோம். புது ரூல் வந்தா உனக்குப் பதிலா என் இரும்பர் பேசும். மறுபடியும் சேர்ந்தே ஆடலாம். உன் மனசுல இருக்குறதை ஒரு வார்த்தை மாறாம நான் சொல்லிடுவேன்.

– மா... மாறும்.

– மாறாதுடா. உன்னை எனக்குத் தெரியாதா?

– அந்த அரக்கன்கிட்ட நீ என்... என்ன சொல்லியிருப்ப?

– நானா? சரணடைஞ்சிடு, உயிர்ப்பிச்சை தர்றேன்னு சொல்லியிருப்பேன்.

– நா... நான் அதைச் சொல்லல.

– ரெண்டும் ஒண்ணுதானே. சண்டை இல்லாம முடியணும், அவ்வளவுதானே.

– அன்வர், ஓட்டைச் சொல்லு. இன்னும் சிறகருக்கு வேற பறக்கற வேகம் பாக்கணும்.

– மாத்திடு.

– மாத்தியாச்சு. இப்பதான் மூணும் ஒரு தராசுல நிக்குது. முகத்தைத் தூக்கி வச்சுக்காத அன்பு. விளையாட்டுதான்.

– வி... விளையாட்டுதான்.

– என் மேல கோவம்னா ஒண்ணு சொல்லிடறேன், கெட்ட பேரு எனக்கு மட்டும் வேணாம். குரலைக் குறைக்கணும்னுதான் நான் நெனச்சேன். வார்த்தையையே எடுத்துடு, கூட இருக்கிறவன் பேசட்டும்னு சொன்னது அன்வர்தான். போன வாரம் ஆட்டம் முடிஞ்சு நீ கீழ போயி செருப்பு மாட்டிக்கிட்டிருந்த, அப்ப.

– சித்தார்த்.

– என்ன சித்தார்த்? என்னமோ இப்பதான் முதல்தடவை கேக்கற மாதிரி, என்ன சித்தார்த் இதுன்னு என்னையே கேட்ட. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், எவ்வளவு தூரம் போறன்னு.

– நெ... நெசமா அன்வர்?

– நீ கேளு அன்பு, என்னையும் கேளு. முதல் வருஷம் ராகிங்ல உன் பேரைச் சொல்லச் சொல்லி சீனியருங்க சுத்தி நின்னானுங்களே, யாரு முன்னாடி வந்தா? உன்னைக் கிண்டல் பண்ணவன்கிட்டல்லாம் யாரு சண்டைக்குப் போனா? என் உம்மா நோன்புக் கஞ்சி குடுத்தனுப்புனாக்கூட ரெண்டு தூக்குலதான் வரும், ஒண்ணு உனக்குன்னு. திடீர்னு பாத்தா இந்த டேபிள்ல நீ வேற ஆளா இருக்க. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. நான் பக்கத்துலயே இருக்கேன், ஒரு தடவைகூட திரும்பல.

– நா... நான் பேசினா உனக்கு ச... சந்தோஷமா இருக்கும்னு நெ... நெனச்சேன்.

– சந்தோஷம்தான். வல்லாஹி, சத்தியமா சந்தோஷம்தான். ஆனா அது விளையாட்டு அன்பு. வெளிய அது நிக்காது. நின்னுடும்னு நீ நம்பிக்கினு இருக்கிறதுதான் எனக்கு பயம். பத்துப் பேருக்கு நடுவுல உக்காந்து வாயைத் திறந்து, ஒண்ணும் வராம, எல்லாரும் சிரிச்சா? அன்னிக்கு நீ உடைஞ்சு போயிடுவ. இங்கேயே சின்னதா உடைஞ்சா பரவால்லன்னு பாத்தேன்.

– இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே அன்வர்.

– உனக்கு எதுக்கு சித்தார்த் சொல்லணும்? உனக்கு உன் தராசு.

– ப... பரவால்ல. இந்தா டைஸு, நீ... நீங்களே வச்சிக்கங்க. முழக்கனும் வே... வேணாம். நா... நான் திங்கக்கிழமை அன்... அன்பரசாவே போறேன். திக்கினாலும் நா... நானே பேசிக்கிறேன். யாரும் கூ... கூட வரவேணாம்.

– உக்காரு அன்பு. எங்க கிளம்பற?

– ரூ... ரூமுக்கு. சட்டை தே... தேய்க்கணும்.

– தேய்க்க வேணாம். உக்காரு. சொல்றேன். திங்கக்கிழமை உனக்கு இல்ல.

– எ... என்ன இல்ல?

– உன் பேரு இல்ல. நேத்து பிளேஸ்மெண்ட் சாருக்கு போன் போச்சு, அன்பரசு வரலன்னு. அவரு மத்தியானமே சென்னைக்குச் சொல்லிட்டாரு.

– டேய் அன்வர், என்னடா பண்ணி வச்சிருக்க? அந்த சார் அவனவன் வாயால சொல்லாம ஒத்துக்கமாட்டாரே. நீ போயி இன்னொருத்தன் வரலன்னு சொன்னா எப்டி விட்டாரு?

– நான்னு சொல்லல சித்தார்த். அன்பு குளிக்கப் போயிருந்தான், இவன் போன்லேர்ந்துதான் பேசினேன். இவனை மாதிரியே திக்கித் திக்கி, கு... குரூப் டிஸ்கஷனுக்கு நா... நான் வரல சார்னு. அவரு பொறுமையாக் கேட்டுட்டு, உன் கஷ்டம் புரியுது அன்பரசுன்னாரு.