வாசலுக்கு வாசல்

— …விமானத்துல ஒரு மணி பத்து நிமிஷம் சார். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எதுல போடட்டும்?

— நான் கேட்டது வீட்டு வாசல்லேர்ந்து வீட்டு வாசலுக்கு, மேடம். ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். இந்த வாசல் கணக்குக் கேக்குற ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான். எதுக்கு ஆபீஸ் நம்பருக்கு அடிக்கிறீங்க?

— உன் செல்லுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கிறியே. டிக்கெட் கேட்டா பேசித்தானே ஆகணும்?

— மெதுவா பேசுங்க. இங்க சுத்தி ஆறு காது இருக்கு.

— அப்போ சார்னே கூப்பிடு. கல்யாணமாகி ஏழு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு மரியாதை கிடைச்சிருக்கு.

— கொழுப்பு… சரி, சொல்லுங்க சார். யாருக்கு டிக்கெட்?

— ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு. ரோடு வழியா எவ்வளவு நேரம்?

— பதினொரு மணி நேரம். மலைப்பாதையில லாரி மாட்டிக்கிச்சுன்னா பதிமூணு. ஆமா, எனக்கு இங்க டிரான்ஸ்பர் வந்தப்போ அந்தக் கடைக்காரர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?

— அது ஆறு மாசம் ஆச்சு…

— ஏர்போர்ட் போக ஒரு மணி, அங்க காத்திருக்க ரெண்டு மணி, பறக்க இவ்வளவு, பெட்டி வர இவ்வளவு… எல்லாம் கூட்டி அஞ்சரை மணி நேரம், அவ்வளவு தூரம் என்னால அலைய முடியாது, வேணும்னா நீ மட்டும் போன்னு சொன்னாரு.

— சொன்னாரு. வாயில கொழுக்கட்டை வெச்சிருந்தாலும் புண்ணியமாப் போயிருக்கும்.

— அஞ்சரை மணி நேரத்துக்கே அலுத்துக்கிட்டவருக்குப் பதினொரு மணி நேரம் பக்கமாத் தெரியுதா?

— லென்ஸ் தேய்க்கிற மெஷின் நூத்தி இருபது கிலோ. விமானத்துல மடியில வெச்சுக்க விடுவாங்களா?

— மெஷினா? அதை எதுக்கு இங்க…

— உன் தெருமுனை மருந்துக்கடைக்குப் பக்கத்துல கடை வைக்க ஒரு ரூம் காலி. சாவி வாங்கியாச்சு. உன் தம்பிதான் பார்த்துக் குடுத்தான்.

— அந்தப் பய என்கிட்ட மூச்சு விடலியே!

— நான்தான் விடாதேன்னேன். நீ வேண்டாம்னுட்டா, சத்தமில்லாம சாவியைத் திருப்பிக் குடுத்துடலாம்னு… மேடம்? அழறியா?

— ஏசி காத்து. திரும்பிப் போறதுக்கு… என்னிக்குப் போடட்டும் சார்?

— திரும்பிப் போறதா இல்ல. வர்றதுக்கு வேன் பேசிட்டேன். நாளைக்குக் கிளம்பினா… நான் வரலாமா?

— நாளைக்குக் கிளம்பாதீங்க.

— ஏன்? இன்னும் கோபமா?

— நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாராவாரம் வெள்ளிக்கிழமை உங்க ஊர் விமானத்துல என் பேர்ல ஒரு சீட் பிடிச்சு வெச்சு, கடைசி நேரத்துல நானே ரத்து பண்ணிட்டிருந்தேன். இந்த வாரம் பண்ணப் போறதில்ல. சனிக்கிழமை அங்கேர்ந்து சேர்ந்தே கிளம்பலாம்… வேன்ல டிரைவர் பக்கத்துல ரெண்டு பேர் உக்கார இடம் இருக்கான்னு மட்டும் கேட்டு வைங்க.