ஏழாவது குழியின் மணி

காலையில் ஈர மணலில் நடப்பது எனக்குப் பிடிக்கும், ஐயா. நான் கோல்ஃப் மைதானங்களை வகுப்பதே நடந்துதான். அடிகளை எண்ணிக் குச்சி நடுவேன். பதினெட்டுக் குழிகளுக்கும் ஒரு பகல் போதும்.

இந்தக் கடலோரத்தில் ஏழாவது குழிதான் எனக்கு வாய்த்ததிலேயே அருமையானது. முன்னால் உயரமான மணல்மேடு. அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமலே பந்தை அடிக்க வேண்டும். முன்னே ஆடியவர்கள் குழியை முடித்துப் போகும்போது மணி அடிப்பார்கள். அதைக் கேட்டபின் அடுத்தவர் அடிக்கலாம்.

மேட்டுக்கு அப்பால் விதவை இஸ்பெல் கெட்டிஸின் வீடு, பந்து போகும் வழிக்குச் சரியாக நடுவில் இருந்தது. கோல்ஃப் கிளப் கமிட்டி விலை பேசியது. அவள் விற்க மறுத்தாள்.

"இந்தா பாரு சாண்டி, என் கிழங்குப் பாத்தியில குச்சி நட்டேன்னு வை, அதை எரிச்சுத்தான் உனக்குக் கஞ்சி காய்ச்சுவேன்."

"உப்புப் போடுவீங்களா அக்கா?"

"உனக்கா? உப்பில்லாமத்தான்."

அன்று அவள் கொடுத்த ஓட்ஸ் ரொட்டியைத் தின்றேன். நல்ல பெண்மணி.

ஆட்டம் தொடங்கிய வாரம் கேட்டாள். "அந்த மணி எதுக்குய்யா? தண்ணிக்குப் போகவே பயமா இருக்கு."

"ஆடுறவங்க போயிட்டாங்கன்னு அர்த்தம் அக்கா. மணி கேட்டதும் குடத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. அப்பதான் பயமில்ல."

"நீ சொன்னா சரிதான்."

பத்தாம் நாள் மணி அடித்தது. மேட்டைத் தாண்டி வந்த பந்து அவள் நெற்றிப் பொட்டில் பட்டது. இறுகிய மரப்பால் பந்து, கல்லுக்குச் சமம். அடித்தவர் ஒரு வங்கிக் குமாஸ்தா. மேட்டில் ஏறிப் பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரை விட்டுவிடுங்கள், ஐயா. அவர் நன்றாகத்தான் அடித்தார்.

அவள் கதவிலிருந்து கிணற்றுக்கு அறுபத்திரண்டு அடி. ஆட்டம் தொடங்கிய வாரமே அவள் பின்னாலேயே நடந்து எண்ணியிருந்தேன். மணி கேட்டுப் பந்தை வைத்து அடிப்பதற்கும் அதே நேரம்தான். நன்றாக அடித்த பந்து கிணற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதனால் பந்தை வைத்து அடிக்கும் இடத்துக் குச்சியைப் பிடுங்கிப் பதினெட்டு அடி பின்னால் நட்டிருந்தேன்.

வீட்டை இடித்த இடத்தில் புல் நன்றாகப் பிடித்திருக்கிறது.

நான் மட்டையைத் தொடவே இல்லை. பந்து எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது என் தொழில். அங்கே போய் நிற்பது அவரவர் விருப்பம்.