வட்டக் கண்ணாடி

போட்டிருக்கும் சட்டையின் நுனியிலேயே மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடங்களாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கீறல் விழுந்த லென்ஸோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். என் மனைவியின் கண்ணாடியை நானே துடைத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசைமேல் துணி விரித்து, திருகைத் தளர்த்தி, லென்ஸைக் கழற்றிக் கழுவி, மறுபடி பொருத்துவேன். பக்கத்து வீட்டு டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உனக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்று அவளிடம் சொல்வார். அவளும் சிரிப்பாள்.

இன்ஸ்பெக்டர் சார், நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் என்ன ஆனையா குதிரையா கேட்டேன்? கடையை அடைத்துவிட்டு ஏழரைக்கு வரும்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும். சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். நான் சாப்பிட்ட பிறகு அவள் சாப்பிடலாம். அம்மாவுக்கு இடுப்பு முடியாது. குளிக்கவைப்பது, தலைவாரி விடுவது, கால் பிடித்து விடுவது எல்லாம் மருமகள் பார்க்க வேண்டியவை. அவர் உனக்குத்தானே அம்மா என்று நீங்கள் கேட்கலாம். ஆம்பிளை செய்கிற வேலையா அது? கல்யாணம் என்றால் இதுதானே. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

பதினோரு வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. காலை நாலே முக்காலுக்கு எழுந்து வீட்டு வேலை முடித்து, எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குப் போய், மாலை நாலரைக்கு வந்து மறுபடி ஆரம்பிப்பாள். பிறகு அவளைத் தலைமை மருந்தாளராக்கினார்கள். வாரத்தில் நாலு நாள் வீடு திரும்ப ஒன்பது ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதம் சொல்லிவிட்டு வந்தாள். போனில், "டப்பால வெச்சிருக்கேங்க. இன்னைக்கு மட்டும் சூடு பண்ணிக்கோங்க" என்பாள். இன்னைக்கு மட்டும் என்று மூன்று மாதம் சொன்னாள்.

ஆறிப்போன சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அடுப்பு நாலடி தள்ளித்தான் இருந்தது. எழுந்து போய்ப் பற்றவைக்க மனம் வரவில்லை. ஒருநாள் பற்றவைத்தால் அது என் வேலையாகிவிடும். வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

"வேலைய விட்டுடு" என்று நல்லபடியாகவே சொன்னேன். "அங்கதாங்க எனக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றாள். அந்தப் பதிலை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. ஆனால் கை நீட்டவில்லை, சத்தம் போடவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் கருவிழியின் வளைவில் ஒரு கோணல். அதற்கான லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் திரும்பினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், தலை வலிக்கும். சதுரக் கண்ணாடியில் லென்ஸைத் திருப்ப முடியாது, வட்டத்தில் முடியும். அவளுக்கு வட்டம்தான் எடுப்பாக இருக்கும் என்று நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஆசையாகப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு டிகிரி, சில வாரம் இரண்டு. ஒரேயடியாகத் திருப்பியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

லென்ஸைத் திருப்பத் தொடங்கிய நாலாவது மாதம் கடைக்கே வந்தாள். "என்னங்க, எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. பவர் ஏறிடுச்சோ?"

உட்காரவைத்துச் சோதித்தேன். "பவர் அப்படியேதான் இருக்கு. உடம்புதான் அசந்துபோச்சு. வீட்ல இருந்தா சரியாயிடும்." பவர் அப்படியே இருந்தது என்பது பொய்யில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குத்தான் போனாள். அவ்வளவு பிடிவாதம்.

ஐந்தாவது மாதம் ஒரு தச்சரின் மனைவிக்கு எழுதிய மருந்துச்சீட்டு அவள் கைக்கு வந்தது. முன்னால் சுழியம் போடாமல் வெறும் புள்ளி ஐந்து என்று டாக்டர் எழுதியிருந்தார். இவளுக்கு அந்தப் புள்ளி தெரியவில்லை. ஐந்து என்று படித்துப் பத்து மடங்கு மருந்தைக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் மூன்றாம் நாள் இறந்துபோனாள். இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஆஸ்பத்திரி விசாரணையில் இவள் யாரையும் கைகாட்டவில்லை. "என் தப்புதாங்க, நான்தான் சரியாப் பாக்கல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். கூடப் போயிருந்த நான்தான் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். வேலை போயிற்று.

அதன்பின் ஒன்றரை மாதம் வீடு வீடாக இருந்தது. ஏழரைக்குச் சூடான சாப்பாடு. அம்மாவுக்கும் நிம்மதி. லென்ஸை அப்போதாவது சரியாக வைத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். வைத்தால் வேறு மருந்துக்கடைக்குக் கிளம்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவளுடைய தங்கை சும்மா இராமல் வேறொரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். இருபத்தெட்டு டிகிரி என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதம் உங்களிடம் இருக்கிறது. கணக்கு சரிதான். திருப்பியது நான்தான், தெரிந்தேதான் திருப்பினேன். வேறு யாருக்கும் பங்கில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கை வருவதற்கு முந்தின வாரம், எனக்குப் பரிமாறிக்கொண்டே அவள் அழுதாள். "ஒரு உசுர வாங்கிட்டேனே, உங்களுக்கு எம்மேல கோபமே இல்லையா?" என்று கேட்டாள். ஒரு சாவுக்குக் காரணமானவளின் கையால் சாப்பிட எத்தனை ஆண்கள் சம்மதிப்பார்கள்? நான் தட்டைத் தள்ளவில்லை. அவள் கையைப் பிடித்து, "நான் உன்ன மன்னிச்சிட்டேன்" என்றேன்.